உடல்நலக் குறைவால் மறுத்த வேலை: மீண்டும் கேட்கலாமா?

வேலை கிடைத்துவிட்டது. நேர்முகத்துக்குப் போய் வந்தீர்கள். அவர்களுக்கும் உங்களைப் பிடித்திருந்தது. எந்தத் தேதியில் சேரலாம் என்றுகூடப் பேசியாயிற்று. அதற்குள் உடம்பு படுத்திவிட்டது. மருத்துவமனைக் கட்டிலிலிருந்து நீங்களோ உங்கள் பிள்ளையோ தொலைபேசியில் அழைத்து, "மன்னிக்கவும், இப்போது வர முடியாது" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

சில மாதங்கள் கழிந்தன. உடம்பு தேறிவிட்டது. அதே இடத்தில் மறுபடியும் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறீர்கள். அப்போது மனத்தில் எழும் முதல் கேள்வி, "ஒரு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது?"

கேட்கலாம். உடல்நலக் காரணத்தால் ஒரு வேலையை மறுத்தவர் அதே வேலைக்கு மீண்டும் விண்ணப்பிக்கக்கூடாது என்று சிங்கப்பூரில் எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை உங்கள் உடம்பைப் பற்றியவை.

முதலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால்

நாம் வெட்கப்படும் அளவுக்கு முதலாளிகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்கெனவே தேர்வானவர். உங்களை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். உடம்பு முடியாதபோது சேர்ந்துவிட்டு மூன்றாம் நாளே நின்றுபோகாமல், முன்கூட்டியே சொல்லியும் விட்டீர்கள். ஆள் கிடைக்காமல் அல்லாடும் வேலைகளில் இது உங்களுக்குச் சாதகமாகவே அமையலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். அப்போது நீங்கள் வாய்மொழியாக மறுத்தீர்களா, அல்லது வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு விலகினீர்களா? கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுத்து, விலகுவது பற்றி ஏதேனும் நிபந்தனை இருக்கிறதா என்று ஒரு முறை படியுங்கள், அல்லது யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்துவிட்டவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். அவர்களும் கேட்கலாம். ஆனால் பேச்சைத் தொடங்கும்போதே, "அன்று நான் தகவல் சொல்லாமல் விட்டது தவறு, மருத்துவமனையில் இருந்தேன்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

முதலில் உங்கள் மருத்துவர்

"எனக்கு இப்போது நன்றாக இருக்கிறது" என்பதும் "நான் அந்த வேலையைச் செய்ய முடியும்" என்பதும் ஒன்றல்ல. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பன்னிரண்டு மணி நேரப் பாதுகாவல் பணியில், காப்பிக்கடைச் சமையலறைச் சூட்டில், பாலர் பள்ளியில் குனிந்து நிமிர்ந்து பிள்ளைகளுக்கு உணவு பரிமாறும்போது எப்படி இருக்கும் என்பதே கேள்வி.

ஆகவே, விண்ணப்பிப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான "மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி" திட்டத்தில் நீங்கள் சேர்ந்திருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த மருந்தகத்தில் அல்லது பலதுறை மருந்தகத்தில் உங்களை அறிந்த மருத்துவர் ஒருவர் இருப்பார். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் அடுத்த மறுபரிசோதனையின்போது சிறப்பு மருத்துவரிடமே கேட்கலாம்.

"நான் வேலைக்குப் போகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "போகலாம்" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும், நீங்களும் மகிழ்ச்சியோடு எழுந்து வந்துவிடுவீர்கள். என்ன வேலை என்று விளக்கிச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும், இரவுப் பணி உண்டா, படிக்கட்டு ஏற வேண்டுமா, கழிவறை பக்கத்தில் இருக்கிறதா, வீட்டிலிருந்து போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கும் வேலை எளிது.

நோய்க்கு நோய் கணக்கு மாறும். இதய இரத்தக் குழாய் அடைப்புக்கு பலூன் வைத்து விரித்து ஸ்டென்ட் பொருத்தியவர்களில் மாரடைப்பு வராதவர்கள் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் இலகுவான வேலைக்குத் திரும்ப முடியும். மாரடைப்பு வந்திருந்தால் அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு கூடவே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை அரிசி மூட்டை, தண்ணீர் வாளி போன்ற கனமான பொருள்களைத் தூக்கக்கூடாது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஆறு வாரம் என்றால், நின்றுகொண்டே செய்யும் வேலைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். டெங்கி காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும், ஆனால் அசதி சிலருக்குப் பல வாரங்கள் நீடிக்கும். கண்புரை அறுவை செய்தவர்கள் தூசு நிறைந்த இடங்களையும் பாரம் தூக்குவதையும் சில வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும்.

காசநோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதை வெளியே சொல்வதற்கே கூசுகிறார்கள். சரியான மருந்தைத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. உங்கள் விஷயத்தில் அது நின்றுவிட்டதா என்பதை மருத்துவர்தான் உறுதிப்படுத்த வேண்டும். அவர் உறுதிப்படுத்திய பிறகு வேலைக்குப் போவதில் தடை இல்லை. ஆனால் மருந்தைக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். பலதுறை மருந்தகத்துக்குப் போய்த் தாதியின் முன்னிலையில் மருந்து உட்கொள்பவர்கள், அந்த நேரத்தையும் வேலை நேரத்தையும் பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரையும் வேலை நேரமும்

இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வேலையில் சேர்ந்த பிறகு முதல் வாரத்திலேயே சிரமம் கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 64, யீஷூனில் வசிக்கிறார். கொண்டோமினியம் ஒன்றில் பாதுகாவல் அதிகாரி வேலை கிடைத்தது. சேர்வதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போனார். இப்போது தேறிவிட்டார், ஆனால் காலையில் நீர் மாத்திரை சாப்பிடுகிறார். நீர் மாத்திரை சாப்பிட்ட பிறகு சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். நுழைவாயில் சாவடியில் தனியாக உட்கார்ந்திருப்பவர், மாற்றிவிட ஆள் இல்லாமல் எழுந்து போக முடியாது. என்ன செய்வார்? மாத்திரையைச் சாப்பிடாமல் விட்டுவிடுவார், அல்லது தண்ணீரே குடிக்காமல் இருப்பார். கால் வீங்கும், மூச்சு மறுபடியும் முட்டும். பிறகு மீண்டும் மருத்துவமனை.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. வேலை நேரத்தைச் சொல்லி, மாத்திரை சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரையோ மருந்தாளரையோ முன்கூட்டியே கேட்டால் போதும். நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இதேபோல் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இரவுப் பணிக்குப் போனால் சாப்பாட்டு நேரமும் ஊசி நேரமும் தலைகீழாகிவிடும். இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், குழப்பம் வரும். எப்போது சாப்பிடுவது, எப்போது ஊசி போடுவது என்பதற்கு மருத்துவரிடம் புதிய அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் சர்க்கரை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் வேலைக்குக் கொடுக்கும் காலணியையும் கவனிக்க வேண்டும். புதுக் காலணி கடித்த புண் சிறியதாகத்தான் தொடங்கும்.

ஸ்டென்ட் பொருத்தியவர்கள் வழக்கமாக ஆஸ்பிரினோடு இன்னொரு மருந்தும் பல மாதங்களுக்குச் சாப்பிடுவார்கள். இரத்தம் உறைவதை இவை குறைப்பதால், சமையலறையில் கத்தி பட்டால் இரத்தம் நிற்கக் கூடுதல் நேரம் ஆகும். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடக்கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. காய்கறி வெட்டும் வேலைக்குப் பதில் வேறு வேலை கேட்பதே சரி. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் திடீரென்று எழுந்தால் தலை சுற்றலாம். ஏணியில் ஏறும் வேலை இருந்தால் இதை மருத்துவரிடம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் ஓர் ஒத்திகை

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை பார்ப்பது நல்லது. வேலைக்குப் போக வேண்டிய நேரத்திலேயே எழுந்திருங்கள். அதே பேருந்தில், அதே எம்ஆர்டியில், அதே கூட்ட நேரத்தில் அந்த இடம் வரை ஒரு நாள் போய் வாருங்கள். நின்றுகொண்டே போக நேர்ந்தால் இறங்கும்போது எப்படி இருக்கிறீர்கள் என்று பாருங்கள். வேலையில் நான்கு மணி நேரம் நிற்க வேண்டும் என்றால், வீட்டிலும் சந்தையிலும் அடுப்படியிலும் முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

இருதய நோயிலிருந்து மீண்டவர்கள் தனியாகப் பழகுவதைவிட, மருத்துவமனையின் இருதய மறுவாழ்வுப் பயிற்சியில் பழகுவது பாதுகாப்பானது. சிங்கப்பூர் இதய அறநிறுவனமும் இத்தகைய பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு கை, கால் பழையபடி இயங்காதவர்களுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனும் சிகிச்சையாளர் உதவுவார். சட்டைப் பொத்தான் போடுவதற்கு மட்டும்தான் அவர் பயிற்சி தருவார் என்று பலர் நினைக்கிறார்கள். வேலையில் செய்ய வேண்டியவற்றைச் சொன்னால் அதற்கும் பயிற்சி தருவார்.

ஒத்திகையின்போது நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், முகமோ கையோ ஒரு பக்கமாகத் தொய்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 995 அழையுங்கள். வேலை போய்விடுமே என்று ஒருபோதும் காத்திருக்காதீர்கள்.

நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது?

இந்தக் கையேட்டைத் தமிழில் எழுதும்போது மிகவும் யோசிக்க வைத்த பகுதி இதுதான். நம் பேச்சில் "உடம்பு சரியில்லை" என்றால் சளிக்கும் அதுதான், புற்றுநோய்க்கும் அதுதான். அப்படிச் சொல்லும்போது முதலாளி தன் கற்பனைக்கு ஏற்ப ஒரு நோயை நினைத்துக்கொள்கிறார். மாறாக, சிலர் தேவைக்கு மேல் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் தவறான பெயரில். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ குழாய் விட்டு ஸ்டென்ட் பொருத்தியதை "ஹார்ட் ஆபரேஷன்" என்று சொல்வோர் பலர். கேட்பவர் நெஞ்சைப் பிளந்து செய்த அறுவை என்றே நினைப்பார். "ஹார்ட் ஃபெயிலியர்" என்ற மருத்துவப் பெயரும் அப்படித்தான். தமிழில் "இதயச் செயலிழப்பு" என்று எழுதினால் இதயமே நின்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில், இதயம் இரத்தத்தைப் போதிய அளவு தள்ளவில்லை என்பதே அதன் பொருள். மருந்து, உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு அந்நோய் உள்ள பலர் வேலை செய்கிறார்கள். ஆகவே உங்களுக்கு வந்தது என்ன, செய்தது என்ன என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதை எல்லாரிடமும் காட்ட வேண்டும் என்பதில்லை. விண்ணப்பிக்கும்போது நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. "உடல்நலக் குறைவால் அப்போது சேர முடியவில்லை, சிகிச்சை முடிந்துவிட்டது, வேலைக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார்" என்பது போதும். வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வியை முதலாளி கேட்கலாம். இருபது கிலோ பெட்டியைத் தூக்க முடியுமா, இரவுப் பணி செய்ய முடியுமா என்பன போன்றவை நியாயமான கேள்விகள். அவற்றுக்கு உண்மையான பதில் சொல்லுங்கள்.

மனநலம் குறித்து ஒன்று. வேலை விண்ணப்பப் படிவத்தில் மனநலப் பாதிப்பு உண்டா என்று, வேலைக்குத் தொடர்பில்லாதபோது கேட்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டிலிருந்து முத்தரப்பு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. மனச்சோர்வால் வேலையை மறுத்தவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆனால், வேலை உறுதியான பிறகு உடற்பரிசோதனைக்கு அனுப்பி, படிவத்தில் பழைய நோய்களைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னர் தெரிந்தால் வேலைக்கே ஆபத்தாகலாம். அதைவிட முக்கியம், நீங்கள் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போய்விடும்.

வயதைக் காரணம் காட்டி மறுத்தால்? பணியிட நியாயச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. வயது, உடற்குறை, மனநலப் பாதிப்பு உள்ளிட்ட காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டுவதை அது தடைசெய்கிறது. 25 பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டுதல்கள் சிறிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். புகார் இருந்தால், 'டாஃபெப்' என்று அழைக்கப்படும் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியை அணுகலாம்.

ஓய்வு வயது பற்றியும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து ஓய்வு வயது 63, மறுவேலைவாய்ப்பு வயது 68 என்று இருந்தது. 2026 ஜூலை முதல் தேதியிலிருந்து இவை முறையே 64, 69 என்று உயர்த்தப்படுகின்றன. இந்த ஏற்பாடு ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் நெடுநாள் வேலை செய்பவர்களுக்கானது. வெளியிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் ஒருவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதேவேளையில், 69 வயதுக்கு மேல் வேலைக்குச் சேரக்கூடாது என்றும் அது சொல்லவில்லை.

எப்படிக் கேட்பது?

முடிந்தால் உங்களை முன்பு நேர்முகம் கண்டவரையே தொடர்புகொள்ளுங்கள். அவருடைய எண் பழைய வாட்ஸ்அப் செய்திகளில் இருக்கக்கூடும். இணையத்தில் மட்டும் விண்ணப்பம் ஏற்கும் பெரிய நிறுவனங்களில், ஒரு முறை மறுத்தவர் மறுபடியும் விண்ணப்பிக்கக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும் என்ற நிறுவன விதி இருக்கக்கூடும். அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். சென்ற மார்ச் மாதம் உங்கள் நிறுவனத்தில் பாதுகாவல் அதிகாரி வேலைக்குத் தேர்வானேன். உடல்நலக் குறைவால் அப்போது சேர முடியவில்லை. சிகிச்சை முடிந்து, வேலைக்குத் திரும்பலாம் என்று என் மருத்துவர் கூறியிருக்கிறார். அந்த வேலையோ அதுபோன்ற வேறு வேலையோ இருந்தால் மீண்டும் விண்ணப்பிக்க விரும்புகிறேன். அக்டோபர் முதல் தேதியிலிருந்து சேர முடியும். பகல் நேரப் பணி எனக்குப் பொருத்தமாக இருக்கும்."

உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால், பேரப்பிள்ளையிடமோ சமூக மன்றத்திலோ துடிப்புடன் மூப்படையும் நிலையத்திலோ இதை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவர் தம் விருப்பத்துக்கு நோய் விவரங்களைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நல்லெண்ணத்தில், "என் அப்பா ரொம்பக் கஷ்டப்பட்டார்" என்று ஒரு பத்தி எழுதிவிடுவார்கள். அது தேவையில்லை.

மன்னிப்பு ஒரு முறை போதும். நோய்வாய்ப்பட்டது குற்றமல்ல. தேதியைக் குறிப்பிடுவது முக்கியம். "எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்" என்பதைவிட, ஒரு தேதி சொல்பவர் யோசித்து வந்திருக்கிறார் என்ற எண்ணம் வரும். பகல் பணி, குறைந்த நேரம், உட்கார்ந்து செய்யும் இடம் என்று உங்களுக்குத் தேவையானது இருந்தால் இப்போதே கேட்பது நல்லது. சேர்ந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டால் இரு தரப்புக்கும் கசப்பு.

வேலைக்குத் தேவையான உரிமம், பயிற்சிச் சான்றிதழ் ஏதும் இந்த இடைவெளியில் காலாவதியாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் விடுப்புக் கணக்கு

நோயிலிருந்து மீண்டவருக்கு மறுபரிசோதனை நாள்கள் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வேலை நியமனச் சட்டத்தின்படி, சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு பெறக் குறைந்தது மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் சாதாரண மருத்துவ விடுப்பு ஐந்து நாள், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 15 நாள். இது மாதந்தோறும் கூடி, ஆறு மாதம் முடியும்போது 14 நாளாகவும் 60 நாளாகவும் ஆகிறது. அந்த 60 நாளில் 14 நாளும் அடங்கும். முதல் மூன்று மாதத்தில் நீங்கள் எம்சி எடுத்தால், அந்த நாளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை.

இன்னொன்று, மறுபரிசோதனைக்குப் போனால் எம்சி தானாகக் கிடைத்துவிடாது. பல நேரங்களில் வந்துபோன நேரத்தைக் காட்டும் சீட்டு மட்டுமே தருவார்கள். அதை எம்சியாக முதலாளி ஏற்க வேண்டியதில்லை. ஆகவே வேலைக்குச் சேரும் முன்பே உங்கள் முன்பதிவு நாள்களை எடுத்துப் பாருங்கள். ஹெல்த்ஹப் செயலியில் அவை இருக்கும். ஓய்வு நாளில் வருமாறு மாற்ற முடிந்தவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாதவற்றை, "அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு நாள் காலையில் எனக்கு மருத்துவமனை முன்பதிவு உண்டு" என்று மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுபரிசோதனையையே விட்டுவிடுவது மட்டும் வேண்டாம்.

வீட்டில் எதிர்ப்பு வந்தால்

"இந்த வயதில் எதற்கம்மா வேலை? நாங்கள் இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் உங்களை மருத்துவமனையில் பார்த்த பயம் இன்னும் போகவில்லை. நீங்களோ பணத்துக்காக மட்டும் கேட்கவில்லை. காலையில் எழுந்து போக ஓர் இடம், பேச நாலு பேர், கையில் சொந்தக் காசு எல்லாம் அதில் இருக்கின்றன. வாதாடுவதைவிட, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மகனையோ மகளையோ உடன் அழைத்துப் போங்கள். அவர்களுடைய கேள்விகளை அவர்களே மருத்துவரிடம் கேட்கட்டும். முழு நேரத்துக்குப் பதில் முதல் இரண்டு மாதம் பாதி நேரம் என்று நடுவழி ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இடம் இல்லை என்று சொன்னால்

அப்படியும் நடக்கும். வேறொருவரைச் சேர்த்திருப்பார்கள். அது உங்களைத் தண்டிப்பதற்காக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "அடுத்து இடம் காலியானால் என்னை அழைப்பீர்களா?" என்று கேட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதே நிறுவனத்தின் வேறு கிளையில் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

என்டியுசியின் 'இ2ஐ' நிலையத்தில் வேலைவாய்ப்பு ஆலோசகரைச் சந்தித்துப் பேசலாம். அவரிடம் போகும்போது மருத்துவர் சொன்ன கட்டுப்பாடுகளை எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். "எந்த வேலையும் செய்வேன்" என்று சொன்னால் அவர் எதைத் தேடுவார்? எடை தூக்காத, பகல் நேர, உட்கார இடமுள்ள வேலை என்று சொன்னால் தேடுவது எளிது.

வேலை கிடைத்துவிட்டால்

முதல் நாள் போகும்போது மருந்துப் பெட்டியில் ஒரு நாளுக்கு உரிய மாத்திரைகளோடு கூடுதலாக ஒரு வேளைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிவிட வேண்டியவர் தாமதமாக வரலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் கொடுத்திருந்தால், அது பூட்டிய அலமாரியில் அல்ல, உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பக்கத்தில் வேலை செய்யும் ஒருவரிடமாவது அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். உங்கள் மருந்துகளின் பட்டியலையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி பூட்டியிருந்தால் அதில் உள்ள எண் யாருக்கும் உதவாது.